நடுகல்லுக்குப் பெயின்ட் வேண்டாம்: ஏழு நாள் முகாமில் ஒரு ஊரின் பழமைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கப்போகிறது. ஐம்பது மாணவர்கள், ஏழு நாள். ஊரில் ஒரு நடுகல், பூசை குறைந்துபோன ஒரு சிவன் கோயில், தூர்ந்த கிணறுகள் இருக்கின்றன. நடுகல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, சிமெண்ட் மேடை கட்டித் தந்தால் நல்லது என்று ஊரில் சொல்கிறார்கள். அதைச் செய்யலாமா, வேறு ஏதாவது செய்யலாமா?

பெயின்ட் வேண்டாம், மேடை வேண்டாம், எங்கேயும் தோண்டவும் வேண்டாம். அந்த ஐம்பது பேரின் ஏழு நாளையும் பதிவு செய்யும் வேலைக்குக் கொடுங்கள். இது கொஞ்சம் ஏமாற்றமாகத் தெரியலாம். முகாமின் கடைசி நாளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. 1969 செப்டம்பர் 24இல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. சாலை போட்டது, குளம் தூர்வாரியது, மரம் நட்டது என்று உடல் உழைப்பில் அது சாதித்தது நிறைய. ஆனால் பழைய கல்லுக்கு முன்னால் உடல் உழைப்பைக் காட்டினால் பெரும்பாலும் கல்லுக்குத்தான் சேதம்.

நடுகல்லையே எடுத்துக்கொள்வோம். கொங்கு நாட்டில் அதிகம் கிடைப்பவற்றில் ஒன்று புலிகுத்திக் கல். பட்டிக்குள் புகுந்த புலியை எதிர்த்து ஆடுமாட்டைக் காத்துச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல் அது. வீரன் ஒரு கையால் புலியைத் தடுத்து மறு கையால் வாளையோ ஈட்டியையோ அதன் உடம்பில் பாய்ச்சி நிற்பான். தலைமுடி பக்கவாட்டில் கொண்டையாக முடிந்திருக்கும். சில கல்லில் பக்கத்தில் மனைவியும் நிற்பாள். கல்லின் மேல் விளிம்பிலோ, இடைவெளியிலோ, சில சமயம் பின்பக்கத்திலோ இரண்டு மூன்று வரி எழுத்து இருக்கலாம். கொங்கில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறை வெகுகாலம் புழங்கியது. அந்த எழுத்துகள் மெல்லிய கோடுகள். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். ஆசிட் ஊற்றினால் போய்விடும். எனாமல் பெயின்ட் அடித்தால் கோடுகளுக்குள் பெயின்ட் நிரம்பி, அப்புறம் யார் வந்தாலும் படிக்க முடியாது. ஒரு முகாமில் புலிக்கு மஞ்சளும் கறுப்பும், வீரனுக்கு நீல நிறமும் அடித்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் நல்ல மனதோடுதான் செய்திருந்தார்கள். கல்லின் மேல்பகுதியில் எழுத்து இருந்த தடம் மட்டும் பெயின்டுக்கு அடியில் மேடுபள்ளமாகத் தெரிந்தது.

சிமெண்ட் மேடையும் அப்படித்தான். மேடை கட்டினால் கல்லின் அடிப்பகுதி புதைந்துபோகும், எழுத்து கீழே இருந்தால் அதுவும் சேர்ந்து புதையும். சிமெண்டில் உள்ள உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, வெயிலில் காயும்போது மேல்தோலைச் செதில் செதிலாக உரித்துவிடும். பழைய கோயில் சுவர்களில் மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்வதை அறநிலையத் துறை தடை செய்ததும் இதே காரணத்துக்குத்தான். கல்லின் மேல்தோல்தான் ஆவணம்.

அப்படியானால் நடுகல்லை அப்படியே விட்டுவிடுவதா? சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே உங்கள் ஐம்பது பேருக்கும் வேலை இருக்கிறது. சீமைக் கருவேலத்தை வெட்டி எடுங்கள், தீ வைக்காதீர்கள். சூட்டில் கல் வெடிக்கும். ஜேசிபியைக் கிட்டே விடவே கூடாது. மழைநீர் கல்லடியில் தேங்காமல், தோண்டாமலே மேல்மண்ணை மட்டும் லேசாக ஒதுக்கி வழி விடுங்கள். கல்லின் மேல் மண் படிந்திருந்தால் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். ஊர்க்காரர்கள் எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, வருஷத்துக்கு ஒரு முறை பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்றால் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்தக் கும்பிடுதான் இத்தனை நூற்றாண்டு அந்தக் கல்லைக் காப்பாற்றியது. வேட்டைக்காரன் சாமி என்று பெயர் வைத்ததால்தான் அது யார் வீட்டுப் படிக்கல்லாகவும் போகவில்லை. பெயின்டை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்தது படம் எடுப்பது. உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிக்கோ சாயங்காலம் ஐந்து மணிக்கோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், கண்ணுக்கே தெரியாத கோடெல்லாம் நிழல் விழுந்து எழும்பி நிற்கும். கல் வடக்குப் பார்த்து நின்று வெயிலே படாவிட்டால் இருட்டிய பிறகு போய், டார்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து பிடித்து, ஒவ்வொரு பக்கமாக நகர்த்தி நகர்த்தி எடுக்க வேண்டும். எழுத்துக்கு மேல் சாக்பீஸால் வரைந்து காட்டுவது வேண்டவே வேண்டாம். வரைபவருக்கு எப்படித் தெரிந்ததோ அப்படித்தான் அதற்குப் பிறகு எல்லாருக்கும் தெரியும். ஓர் அடி ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து நான்கு பக்கமும் எடுங்கள். மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். தொல்லியல் துறையிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை முகாமுக்கு அழைத்து, மாணவர்கள் முன்னால் ஒரு முறை எடுக்கச் சொன்னால் அந்த ஒரு காலைப்பொழுது பாடப் புத்தகத்தை விட அதிகம் கற்றுக் கொடுக்கும்.

இதெல்லாம் வீண் வேலையோ என்று தோன்றினால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பவற்றை நினைத்துப் பாருங்கள். ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் வழியில் அரச்சலூர். அங்கே மலைக்குகையில் தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் தாளச் சொற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றாக வரும் அமைப்பு. அந்த எழுத்தைச் சேர்த்தவன் பெயர் தேவன் சாத்தன் என்றும், அவன் ஒரு வண்ணக்கன், அதாவது காசின் தரம் பார்ப்பவன் என்றும் பக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. இதை வெளியே கொண்டுவந்தவர் புலவர் செ. இராசு. கொங்கில் ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கேட்டு, கல்வெட்டும் செப்பேடும் ஓலைப் பட்டயமும் திரட்டியவர். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், சங்க நூலான பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வருகிற ஊர். 1985இலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது மணி செய்யும் தொழிற்கூடமும், இரும்பு உருக்கிய தடமும், பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. இரும்புக்காலத்திலிருந்து மனிதர் நெருங்கி வாழ்ந்த நிலம் இது. உங்கள் முகாம் ஊரில் ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எங்கே தேடுவது என்பதற்குக் காட்டின் பெயர்களே வழி சொல்லும். கொங்கில் ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. பாண்டியன் குழி என்றால் அங்கே பெருங்கற்காலத்தில் இறந்தவரைப் புதைத்த ஈமக்குழி இருந்திருக்க வாய்ப்பு உண்டு. நத்தமேடு, சாம்பக்காடு, கோட்டைமேடு என்றெல்லாம் சொன்னால் பழைய குடியிருப்பு இருந்த இடமாக இருக்கலாம். அங்கே கறுப்பு-சிவப்புப் பானை ஓடு தரையிலேயே கிடக்கும். பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். கிடந்த இடத்தில் இருக்கும்வரைதான் அதற்குப் பேச்சு உண்டு, பைக்குள் போட்டால் வெறும் ஓடு. படம் எடுத்து, காட்டின் பெயரையும் புல எண்ணையும் எழுதிக்கொண்டு வந்தால் போதும். தற்செயலாகக் காசோ நகையோ சிலையோ கண்ணில் பட்டால் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் தகவல் போக வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றைக்கும் நடப்பில்தான் இருக்கிறது. ஈமக்குழி இருக்கும் இடத்தைப் பேஸ்புக்கில் வரைபடத்தோடு போட்டுவிடாதீர்கள். புதையல் தேடி ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் குமிட்டிபதி மலைக்குகையில் வெள்ளை நிறத்தில் யானையும் மனிதருமாக வரைந்த பழைய பாறை ஓவியங்கள் உண்டு. அந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் பெரிய எதிரி பெயரைக் கிறுக்கிவிட்டுப் போகிற சுற்றுலாக் கூட்டம்தான்.

சிவன் கோயில் விஷயம் கொஞ்சம் வேறு. அது அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். வெள்ளை அடிப்பது உட்பட. சுவரிலும் அடித்தளத்திலும் இருக்கும் கல்வெட்டுகளை வரிசையாகப் படம் எடுங்கள். அவை கொங்குச் சோழர் காலத்தவையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் முன்பாதியில் ஆண்ட வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் இந்தப் பக்கம் ஏராளம். அனுமதி கிடைத்தால் ஒவ்வொரு சிலையையும் முன், பின், பக்கவாட்டு என்று படம் எடுத்து உயரம் அளந்து எழுதுங்கள். ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுப்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்துவைத்த படங்கள்தான், பின்னாளில் வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குக் கடத்தப்பட்ட பல சிலைகள் நம்முடையவை என்று நிரூபிக்க உதவின. படம் இருந்த சிலைக்கு வழக்குப் பேச முடிந்தது. படம் இல்லாத சிலை எந்த ஊர்ச் சிலை என்றே சொல்ல முடியாமல் போனது. உங்கள் கையிலிருக்கும் செல்போனுக்கு அந்தச் சக்தி உண்டு. ஆனால் சிலைகளின் படம் ஊர், கோயில் நிர்வாகம், துறை ஆகிய மூன்றிடமும் மட்டும் இருக்கட்டும்.

கல்லோடு நின்றுவிடாதீர்கள். பெரியவர்களிடம் போய் ‘உங்கள் ஊரின் பாரம்பரியம் என்ன?’ என்று கேட்டால் ‘எல்லாம் போச்சு கண்ணு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சின்னதாகக் கேளுங்கள். ‘ஏனுங்க அம்மிச்சி, நீங்க கண்ணாலமாயி வந்தப்போ தண்ணி எங்கீங்க எடுத்தீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க, எது துவைக்க, யார் எந்தக் கிணற்றுக்கு வரக்கூடாது, வழியில் குடத்தை இறக்கி வைத்த சுமைதாங்கிக் கல் எங்கே இருந்தது, அது எந்த வீட்டுப் பெண் பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்ததற்கு எடுத்தது என்று ஒரு மணி நேரம் ஓடும். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது இந்தச் சுமைதாங்கிக் கல்தான். யாரும் எழுதி வைக்காததால் போனதும் தெரியாது.

தூர்ந்த கிணறுகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கரண்டு மோட்டார் வருவதற்கு முன்னால் கவலை இறைத்த, அதாவது காளை பூட்டித் தண்ணீர் இறைத்த கிணறுகள் அவை. காளைகள் பின்னோக்கி ஏறி முன்னோக்கி இறங்கிய சரிவு இன்னும் சில இடத்தில் மண் மேடாகத் தெரியும். வடக்கயிறு ஓடித் தேய்ந்த தடம் சில கல்லில் இருக்கும். கவலை ஓட்டியவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரைக் கிணற்றடிக்கே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். இடத்தில் நின்றால் ஞாபகம் தானாக வரும். தண்ணீர் மொள்ளும் தோல் பையை, அதாவது சாலை (சால்), தைத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் தெருக்காரர்கள். எந்தத் தோல், எப்படிப் பதப்படுத்துவது, ஒரு சால் எத்தனை மாதம் தாங்கும், கூலியாக என்ன கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலான முகாம்களில் ஊர்ப் பெரியவர்கள் என்று நாலு வீட்டைக் காட்டுவார்கள், மாணவர்கள் அந்த நாலு வீட்டுத் திண்ணையிலேயே எழுதி முடித்துவிடுவார்கள். அப்படி எழுதினால் அது ஊரின் வரலாறு ஆகாது. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர்கள், அதாவது கைவினைத் தொழிலாளர்கள், தங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் அனுமதி கொடுக்கிறான். அதற்கு முன்னால் இவையெல்லாம் அவர்களுக்கு இல்லை என்பதும் அதில்தானே இருக்கிறது? கல்வெட்டே எல்லாத் தெருவின் கதையையும் சொல்லும்போது நாம் ஒரு தெருவோடு நின்றால் எப்படி? மாணவர்களைக் குழுவாகப் பிரித்து எல்லாத் தெருவுக்கும் அனுப்புங்கள். பெண்களிடம் பேச மாணவிகள் போகட்டும். நடுகல் வீரன் எந்தச் சாதி என்று எழுத்தில் இல்லாவிட்டால் உங்கள் பதிவிலும் பலகையிலும் எழுதவே எழுதாதீர்கள். ‘இன்னார் இப்படிச் சொன்னார்’ என்று மட்டும் குறியுங்கள். ஊரில் சும்மா கிடந்த கல் உங்களால் சண்டைக்குக் காரணமாகிவிடக் கூடாது.

பாட்டும் ஆட்டமும் இருக்கின்றன. அண்ணன்மார் சாமி கதையை உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடும் மரபு இந்தப் பக்கத்தது. கனடாவைச் சேர்ந்த மானுடவியலர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி அந்தக் கதையை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். அன்றைய ஒலிநாடாப் பெட்டியின் கனத்தையும் விலையையும் நினைத்தால், இன்றைக்கு ஒவ்வொரு மாணவர் பையிலும் பதிவுக் கருவி இருந்தும் முப்பது வினாடி ரீல்ஸோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாடுகிறவர் கிடைத்தால் அவர் பாடும்வரை பாட விடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். பாடினதற்கு மரியாதையாக ஏதாவது கொடுங்கள். வள்ளி கும்மி இப்போது ஊர் ஊராகப் பரவியிருக்கிறது, பல ஊர்களில் பெண்கள்தான் முன்வரிசை. பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கும்மி ஆசிரியர் எம். பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதனால் கும்மியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. ஒப்பாரி, நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம்தான் ஆளோடு போகின்றன.

கடைசியாகக் கொறங்காடு. காங்கேயம் பக்கம் முகாம் போட்டுவிட்டு இதைப் பார்க்காமல் வந்தால் பெரிய குறை. மழை குறைந்த மண்ணில் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் வளர்த்து, சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, மாடும் செம்மறியும் மாற்றி மாற்றி மேய விடும் தனியார் மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் மாடு இந்த நிலத்தில் உருவான மாடு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது வெறும் பொட்டல் காடாகத் தெரியும், ‘இங்கே மரக்கன்று நடலாமே’ என்று தோன்றும். நடாதீர்கள். நிழல் விழுந்தால் புல் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு கொறங்காட்டை முழுசாகப் பதியுங்கள்: எத்தனை வகைப் புல், பூண்டு, எந்த மாதம் எதை மேய விடுகிறார்கள், கிளுவைப் போத்து (நடும் கிளைத் துண்டு) எப்போது வெட்டி நடுகிறார்கள், இடைவெளி விழுந்த வேலியை எப்படி அடைக்கிறார்கள். உழைக்க ஆசைப்படுகிற மாணவர்கள் வேலி அடைக்கும் வேலையைக் காட்டுக்காரரோடு சேர்ந்து செய்யட்டும். சிமெண்ட் கால் நட்டுக் கம்பி வேலி போடுவது கூடிவரும் இந்தக் காலத்தில் கிளுவை வேலி அடைக்கத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது.

முகாமின் ஆறாம் நாள் எழுதியதையெல்லாம் ஒரே பதிவேடாகச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரார் சொல்லும் பெயர், புல எண், நிலத்துக்காரர் யார், இப்போதைய நிலை, யார் என்ன சொன்னார், படத்தின் எண். ‘2,000 ஆண்டுப் பழமை’, ‘சேரர் காலம்’ என்றெல்லாம் நீங்களாகக் காலம் எழுதாதீர்கள், கல்வெட்டு படித்தவர் சொன்னால் அவர் பெயரோடு எழுதுங்கள். ஏழாம் நாள் நிறைவு விழாவில் விருந்தினர் பேச்சைக் குறைத்துக்கொண்டு அந்தப் பதிவேட்டை ஊர் முன்னால் வாசியுங்கள். வாசிக்கும்போதே ‘அது அப்படி இல்லீங்க சாமி’ என்று யாராவது எழுந்து திருத்துவார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு படி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்துக்கு, ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று ஈரோடு அரசு அருங்காட்சியகத்துக்கு. ஊரிலேயே ஆர்வமுள்ள ஒரு வாத்தியாரோ, பூசாரியோ, பட்டதாரிப் பெண்ணோ கிடைத்தால் அவரிடம் ஒன்று கண்டிப்பாக இருக்கட்டும். காட்டுக்கு ஜேசிபி வரும்போது முதலில் பார்க்கப்போவது அவர்தான்.

அடுத்த வருஷமும் அதே ஊருக்குப் போக முடியுமா என்று திட்ட அலுவலரிடம் இப்போதே பேசுங்கள். ஊரைத் தத்தெடுத்திருந்தால் அது நடக்கக் கூடியதுதான். புதுக் கூட்டம் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தால் எது சாய்ந்தது, எது காணாமல் போனது என்று தெரிந்துவிடும். அதற்கு இந்த வருஷம் படம் எடுக்கும்போதே எங்கே நின்று எடுத்தீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். முகாம் தேதி முடிவானதும் முதல் வேலையாகக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து ஊரின் புல வரைபடத்துக்கு ஒரு நகல் கேளுங்கள். காட்டுப் பெயர்களையெல்லாம் அதன் மேல் குறித்துக்கொண்டு போனால் முதல் நாளே வேலை தொடங்கிவிடலாம்.